வைப்புக்கு முன் ஓர் ஆய்வு: இணையவழிக் காசினோக்களும் போனஸ் வாக்குறுதிகளும்

சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்பைப் பற்றி நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வரும் முதுமொழி. 1951 ஆம் ஆண்டில் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது முதல் குடும்பங்களின் சிறுசேமிப்பு நாட்டு வளர்ச்சிக்கான மூலதனத்தின் முக்கிய ஊற்றாகக் கருதப்பட்டு வந்துள்ளது. அஞ்சலகத்திலும் வங்கியிலும் இடப்படும் தொகை, இட்டவருக்கு வட்டியையும் நாட்டுக்கு முதலீட்டையும் தருகிறது. ஆனால் அண்மை ஆண்டுகளில் அதே சேமிப்பை வேறொரு திசைக்கு ஈர்க்கும் ஓர் ஏற்பாடு வீட்டுக்குள்ளேயே நுழைந்துள்ளது. கைப்பேசியின் திரையில் தோன்றும் இணையவழிக் காசினோ அதுவாகும்.

இக்காசினோக்கள் புதிய வாடிக்கையாளரை அழைக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. “ஆயிரம் ரூபாய் செலுத்துங்கள், மேலும் ஆயிரம் ரூபாயை நாங்கள் போனஸாகத் தருகிறோம்” என்பது அழைப்பின் சாரம். வேலைவாய்ப்பை எதிர்நோக்கி நிற்கும் இளைஞருக்கும், மாத வருமானம் போதாத குடும்பத் தலைவருக்கும் இது தவறவிடக் கூடாத வாய்ப்பாகத் தோன்றக் கூடும். எனவே பணம் செலுத்துமுன் எவற்றை ஆராய வேண்டும் என்ற வினா எழுகிறது. இவ்வாய்வை நான்கு கேள்விகளாக வகுத்துக் கொள்ளலாம். சட்டம் இதனை அனுமதிக்கிறதா? போனஸின் உண்மையான மதிப்பு என்ன? நடத்துபவரும் பரிந்துரைப்பவரும் யாவர்? செலுத்திய பணம் திரும்பாவிடில் முறையிட வழி உண்டா? இவற்றிற்கு முறையாக விடை காண்பவர் எந்த முடிவுக்கு வருவார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘வைப்பு’ என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. காசினோக்கள் தாம் பெறும் பணத்தை ‘டெபாசிட்’, அதாவது வைப்பு என்றே அழைக்கின்றன. வங்கி வைப்புக்கும் இதற்கும் பெயரளவில் மட்டுமே ஒற்றுமை உண்டு. வங்கி வைப்பு வங்கியின் கடன்; அதைத் திருப்பித் தர வங்கி கடமைப்பட்டுள்ளது. வங்கி நொடித்துப் போனாலும், வைப்புக் காப்புறுதி, கடன் உத்தரவாதக் கழகத்தின் வாயிலாக ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வைப்பில், வட்டி உட்பட, ஐந்து லட்ச ரூபாய் வரை காப்புறுதி கிடைக்கிறது. ஒரு லட்சமாக இருந்த இவ்வரம்பு 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது.

காசினோவில் செலுத்தப்படும் தொகைக்கு இத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. அது பந்தயம் வைப்பதற்காக முன்கூட்டிக் கொடுக்கப்படும் பணமே. திரையில் தெரியும் இருப்புத் தொகை, நடத்துபவரின் ஏட்டில் உள்ள ஓர் எண். அந்த எண் மீண்டும் ரூபாயாக மாறுவது நடத்துபவரின் நாணயத்தையும் அவர் வகுத்த நிபந்தனைகளையும் பொறுத்தது.

முதற்கேள்வி: சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவில் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1867 ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் சூதாட்டக் கூடங்களை நடத்துவதையும் அவற்றிற்குச் செல்வதையும் குற்றமாக்கியது. அதே வேளையில், திறமையை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு அது விலக்களித்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, பந்தயமும் சூதாட்டமும் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 34 ஆவது இனமாக இடம்பெற்றன. இதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபட்டது. கோவா, சிக்கிம் ஆகிய மாநிலங்கள் காசினோக்களுக்கு உரிமம் வழங்கின. வேறு பல மாநிலங்கள் தடையை நிலைநிறுத்தின.

பரிசு ஆசை காட்டிப் பணம் திரட்டும் வணிகம் புதியதன்று என்பதையும் இங்கு நினைவுகூரலாம். விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் பத்திரிகைகளின் வாயிலாகக் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் பெரும் அளவில் நடத்தப்பட்டன. அவற்றைக் கட்டுப்படுத்த 1955 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. மாதம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளை அது தடை செய்தது. இத்துறை தொடர்பாக 1957 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள், சூதாட்டம் அரசியலமைப்பு காக்கும் வணிகம் ஆகாது என்றும், கணிசமான திறமையைச் சார்ந்த போட்டிகள் அவ்வாறன்று என்றும் பிரித்துக் காட்டின. இந்தப் பாகுபாடே அடுத்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்குகளின் அச்சாணியாக விளங்கியது.

இணையம் பரவிய பின்னர் இப்பாகுபாட்டைக் கையாள்வது கடினமாயிற்று. தமிழ்நாடு 2022 இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவில் ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. ஒரு மாநிலத்தின் தடை, எல்லை அறியாத இணையத்தை முழுமையாக எட்டுவதில்லை என்பதும் அனுபவத்தில் புலப்பட்டது.

இந்நிலையில்தான் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 20 ஆம் நாள் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிய இச்சட்டமுன்வடிவு, 22 ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் செலுத்தி, பணத்தையோ அதற்கு ஈடானதையோ வெல்லும் எதிர்பார்ப்புடன் ஆடப்படும் இணைய ஆட்டம் ஒவ்வொன்றும், அது திறமையைச் சார்ந்ததாயினும் வாய்ப்பைச் சார்ந்ததாயினும், ‘இணையவழிப் பண ஆட்டம்’ என இச்சட்டம் வரையறுக்கிறது. பழைய பாகுபாடு இத்துறையில் இவ்வாறு ஒதுக்கப்பட்டுள்ளது. மின்விளையாட்டுப் போட்டிகளும், பணப் பந்தயம் அற்ற சமூக விளையாட்டுகளும் தடைக்குள் அடங்கா. அவற்றை வளர்ப்பதும் சட்டத்தின் நோக்கமாகும்.

பண ஆட்டத்தை வழங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், அதனை விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டம் வகை செய்கிறது. அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளும் பிற நிறுவனங்களும் தண்டனைக்கு உள்ளாகும். வெளிநாட்டிலிருந்து இந்தியருக்கு வழங்கப்படும் சேவைக்கும் சட்டம் பொருந்தும். ஆடுபவரை இச்சட்டம் குற்றவாளியாக நடத்தவில்லை, பாதிக்கப்பட்டவராகவே கருதுகிறது. இச்சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். 2023 அக்டோபர் முதல் பண ஆட்டங்களில் செலுத்தப்படும் தொகை மீது 28 சதவீதச் சரக்கு, சேவை வரி விதிக்கப்பட்டது. ஆட்டத்தில் கிடைக்கும் நிகர ஆதாயத்துக்கு 30 சதவீத வருமான வரியும் அவ்வாண்டு வகுக்கப்பட்டது. வரி விதிக்கப்படுவதால் ஒரு தொழில் சட்டபூர்வமானது ஆகிவிடும் என்று சிலர் வாதிடுகின்றனர். அது சரியன்று. சூதாட்டத்தைத் தடுக்கும் பிற சட்டங்களை வரி விதிப்பு பாதிக்காது என்பது அந்த வரித் திருத்தத்திலேயே கூறப்பட்டுள்ளது.

இரண்டாம் கேள்வி: போனஸின் கணக்கு

சட்டம் தெளிவாக இருப்பினும், வெளிநாடுகளிலிருந்து இயங்கும் காசினோக்களின் அழைப்பு நின்றபாடில்லை. ஆகவே அவ்வழைப்பின் உள்ளீட்டையும் அறிந்திருத்தல் அவசியம். இதற்கு உயர் கணிதம் வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கே போதும்.

ரூலெட் என்னும் சுழல் சக்கர ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணின் மீது ஒரு ரூபாய் வைத்து அந்த எண் வந்தால், வைத்த ரூபாயுடன் மேலும் 35 ரூபாய், ஆக 36 ரூபாய் கிடைக்கும். ஒருவர் எல்லா எண்களின் மீதும் ஒவ்வொரு ரூபாய் வைப்பதாகக் கொள்வோம். அவர் செலவிடுவது 37 ரூபாய்; எந்த எண் வந்தாலும் அவர் பெறுவது 36 ரூபாய். இந்த ஒரு ரூபாயே கூடத்தின் பங்கு. அது பந்தயத் தொகையில் சுமார் 2.7 சதவீதம். இரண்டு சுழிகள் கொண்ட அமெரிக்க வகைச் சக்கரத்தில் 38 எண்கள் உள்ளன, பரிசோ மாறுவதில்லை. எனவே கூடத்தின் பங்கு 5.26 சதவீதமாக உயர்கிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஆட்டத்தின் அமைப்பே அவ்வாறானது. ஒரு நாளில் ஒருவர் வெல்லலாம். ஆனால் பந்தயங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, கூடத்தின் பங்கு தவறாது வசூலாகும்.

இனி போனஸுக்கு வருவோம். ஆயிரம் ரூபாய் செலுத்தியவருக்கு ஆயிரம் ரூபாய் போனஸ் தரப்படுகிறது. ஆனால் அதனை உடனே எடுத்துக்கொள்ள இயலாது. ‘போனஸ் தொகையின் 35 மடங்குக்குப் பந்தயம் வைத்த பின்னரே திரும்பப் பெறலாம்’ என்பது போன்ற நிபந்தனை இருக்கும். அதாவது 35,000 ரூபாய்க்குப் பந்தயம் வைத்தாக வேண்டும். காசினோக்களில் பெரிதும் ஆடப்படும் ஸ்லாட் வகை ஆட்டம் ஒன்றில் கூடத்தின் பங்கு 4 சதவீதம் என்று கொள்வோம். 35,000 ரூபாய்ப் பந்தயத்தில் சராசரி இழப்பு 1,400 ரூபாய். கையில் இருந்த 2,000 ரூபாயில் எஞ்சுவது 600 ரூபாய். போனஸ் முழுவதும் கரைந்ததுடன், சொந்தப் பணத்திலும் 400 ரூபாய் போய்விடுகிறது.

சில இடங்களில் இந்த மடங்கு, போனஸுக்கு மட்டுமின்றி, செலுத்திய தொகையையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அப்போது வைக்க வேண்டிய பந்தயம் 70,000 ரூபாய். சராசரி இழப்பு 2,800 ரூபாய். கையிலுள்ளதோ 2,000 ரூபாய் மட்டுமே. ஆகவே நிபந்தனை நிறைவேறுமுன்பே பெரும்பாலோரின் இருப்பு தீர்ந்துவிடும்.

கூடத்தின் பங்கு குறைவாக உள்ள ரூலெட்டை ஆடி நிபந்தனையை நிறைவேற்றலாமே என்று ஒருவர் எண்ணலாம். நடத்துபவரும் அதனை முன்கூட்டியே எண்ணியிருப்பார். மேசை ஆட்டங்களில் வைக்கும் பந்தயத்தில் பத்தில் ஒரு பங்கே கணக்கில் கொள்ளப்படும் என்றோ, அறவே கொள்ளப்படாது என்றோ விதி இருப்பதுண்டு. பத்தில் ஒரு பங்கு எனில் 35,000 ரூபாய் நிபந்தனைக்கு 3,50,000 ரூபாய்க்குப் பந்தயம் வைக்க வேண்டும். அதில் சராசரி இழப்பு 9,400 ரூபாய்க்கும் அதிகம். ஆயிரம் ரூபாய் போனஸுக்காக இதனை மேற்கொள்வது எத்தகைய வணிகம் என்பதை எவரும் உணரலாம்.

நுண்ணெழுத்தில் மறைந்துள்ள நிபந்தனைகள்

பந்தய மடங்கு தவிர வேறு பல நிபந்தனைகளும் போனஸுடன் பிணைக்கப்பட்டுள்ளன. இவை விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை; விதிமுறைப் பக்கத்தின் அடியில் இடம்பெறும். அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

முதலாவது, கால வரம்பு. ஒரு வாரத்துக்குள் அல்லது ஒரு மாதத்துக்குள் பந்தய நிபந்தனையை நிறைவேற்றாவிடில் போனஸும் அதனால் கிடைத்த வெற்றித் தொகையும் நீக்கப்படும். இரண்டாவது, பந்தய உச்சவரம்பு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஒரே ஒரு முறை பந்தயம் வைத்தாலும் வெற்றி முழுவதையும் மறுக்கலாம். மூன்றாவது, எடுக்கும் தொகைக்கு வரம்பு. பெருந்தொகை வென்றாலும் அதில் ஒரு பகுதியே வழங்கப்படும். நான்காவது, திரும்பப் பெற இயலாத போனஸ். அது பந்தயம் வைக்க மட்டுமே பயன்படும். பணத்தை எடுக்கும்போது கழித்துக்கொள்ளப்படும். ஐந்தாவது, அடையாளச் சரிபார்ப்பு. பணம் செலுத்தும்போது கேட்கப்படாத ஆவணங்கள், பணத்தை எடுக்க முற்படும்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படும். அந்த இடைவெளியில் இருப்பை மீண்டும் பந்தயத்தில் வைத்து இழப்பவர் பலர்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். போனஸ் என்பது நன்கொடையன்று; தொடர்ந்து ஆட வேண்டும் என்ற கடப்பாட்டுக்குக் கொடுக்கப்படும் முன்பணம். போனஸை ஏற்காமல் ஆடுபவர் விரும்பியபோது நிறுத்திக்கொள்ளலாம். ஏற்றவரோ நிபந்தனை நிறைவேறும் வரை நிறுத்த இயலாத நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

சூதாட்டம் அனுமதிக்கப்பட்டுள்ள நாடுகளிலும் இத்தீமை உணரப்பட்டுள்ளது. பிரிட்டனில் 2005 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி அமைந்த ஆணையம், போனஸுக்கான பந்தய நிபந்தனை பத்து மடங்குக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்துள்ளது. 2026 ஜனவரி 19 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கடன் அட்டை மூலம் சூதாடுவதை அந்நாடு 2020 ஏப்ரலிலேயே தடை செய்தது. தொழிலை அனுமதித்த அரசே இவ்வளவு கட்டுப்பாடுகளை விதிக்க வேண்டியிருப்பது கருதத்தக்கது.

மூன்றாம் கேள்வி: நடத்துபவர் யார்? பரிந்துரைப்பவர் யார்?

பல காசினோக்களின் பக்கங்களில் அயல்நாட்டு உரிமத்தின் முத்திரை காணப்படும். மால்டா, குராசோ முதலிய தீவுகளின் பெயர்கள் அதில் இடம்பெறும். உரிமம் என்ற சொல்லைக் கண்டவுடன் பாதுகாப்பு உண்டென நம்பிவிடலாகாது. ஒரு நாட்டின் உரிமம் அந்நாட்டின் சட்ட எல்லைக்கு உட்பட்டது. இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஒன்றை அது அனுமதிக்கப்பட்டதாக மாற்றாது. குராசோவில் நெடுங்காலம் ஒரு சில தலைமை உரிமதாரர்கள் தமக்குக் கீழ் எண்ணற்ற இணையத் தளங்களுக்குத் துணை உரிமம் வழங்கி வந்தனர். அம்முறையின் குறைகள் காரணமாக அந்நாடே 2024 டிசம்பரில் புதிய சட்டத்தைக் கொண்டு வந்தது. மேலும், முத்திரை என்பது ஒரு படமே. அதனை எவரும் நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் உரிமதாரர்களின் பொதுப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைச் சரிபார்க்க முடியும். நடத்துபவரின் பெயரும் முகவரியுமே தெரியாத இடத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஆய்வு செய்ய விரும்புவோரில் பலர் நாடுவது, ‘சிறந்த பத்து காசினோக்கள்’ போன்ற தலைப்புகளில் வரும் மதிப்புரைகளை. இங்குதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. இத்தகைய மதிப்புரைகளை வெளியிடுவோரில் பலர் காசினோக்களிடம் தரகு பெறுபவர்கள். அவர்கள் தரும் இணைப்பின் வழியாக ஒருவர் சேர்ந்து பணம் செலுத்தினால், தலைக்கு இவ்வளவு என்றோ, அவரிடமிருந்து கூடம் ஈட்டும் வருவாயில் இத்தனை சதவீதம் என்றோ தரகு வழங்கப்படுகிறது. ஆடுபவரிடமிருந்து கூடம் ஈட்டும் வருவாய் என்பது ஆடுபவரின் இழப்பே அன்றி வேறில்லை. எனவே பரிந்துரைப்பவரின் ஆதாயம், பரிந்துரையை நம்பியவரின் இழப்போடு பிணைந்துள்ளது. மாட்டுச் சந்தையில் விற்பவரிடம் தரகு பெறுபவரின் சொல்லைக் கேட்டு மாடு வாங்குவதற்கு ஒப்பானது இது.

பிரபலமானவர்கள் தோன்றும் விளம்பரங்களையும் இவ்வகையில் சேர்க்க வேண்டும். விளையாட்டுச் செய்தித் தளம் என்ற போர்வையில் பந்தய நிறுவனங்கள் செய்யும் மறைமுக விளம்பரங்களைத் தவிர்க்குமாறு தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் 2022 முதல் பலமுறை அறிவுறுத்தியுள்ளது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 மார்ச்சில் இதுபோன்ற எச்சரிக்கையை விடுத்தது.

பணம் செல்லும் வழி

நடத்துபவரைப் பற்றி மிகத் தெளிவாகக் காட்டிக் கொடுப்பது பணம் செல்லும் வழியே. சட்டபூர்வமான வணிகம் தன் பெயரில் உள்ள கணக்கில் பணம் பெறும். சட்டவிரோதக் காசினோவுக்கு அது இயலாது. எனவே பணம் செலுத்தும் பக்கத்தில் தொடர்பற்ற தனிநபரின் பெயரோ, கேள்விப்படாத கடையின் பெயரோ, நாளுக்கொரு யு.பி.ஐ. முகவரியோ தோன்றும். இவை பெரும்பாலும் பிறர் பெயரில் வாடகைக்குப் பெறப்பட்ட வங்கிக் கணக்குகள்.

மாணவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் வங்கிக் கணக்கையும் அட்டையையும் பிறரிடம் ஒப்படைக்குமாறு கல்லூரி மாணவர்களை அணுகுவோர் உண்டு. அக்கணக்கின் வழியாகச் செல்லும் பணத்துக்கு விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் கணக்குக்கு உரியவரே. கணக்கு முடக்கப்படுவதுடன், குற்ற வழக்கிலும் அவர் சேர்க்கப்படலாம்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதிலும் தடை உண்டு. அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2000 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், பரிசுச் சீட்டுகள், கால்பந்துப் பந்தயக் குலுக்கல் போன்றவற்றிற்காக அயல்நாட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தடை செய்துள்ளன.

நான்காம் கேள்வி: முறையிட வழி உண்டா?

கடையில் வாங்கிய பொருள் பழுதானால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வங்கி தவறு செய்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். காசினோ பணம் தர மறுத்தால் எங்குச் செல்வது? 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30 ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்றும், பந்தயத்தில் வென்றதாகக் கூறப்படும் தொகையைப் பெற வழக்குத் தொடுக்க இயலாது என்றும் கூறுகிறது. குதிரைப் பந்தயப் பரிசு தொடர்பான குறுகிய விலக்கு ஒன்று மட்டுமே அதில் உண்டு. ஆக, திரையில் எவ்வளவு பெரிய வெற்றித் தொகை தெரிந்தாலும், அதனை நீதிமன்றத்தின் துணையோடு பெறும் உரிமை ஆடுபவருக்கு இல்லை. ஒன்றரை நூற்றாண்டாக நிலவி வரும் இவ்விதியை அறிந்தவர் மிகச் சிலரே.

எனினும் மோசடி நடந்திருந்தால் வாளாவிருத்தல் கூடாது. பணம் பறிபோனதை உணர்ந்த உடனே 1930 என்ற எண்ணில் இணையக் குற்ற உதவி மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கப்படுகிறதோ, அவ்வளவுக்கு அப்பணம் கைமாறுமுன் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு. பரிமாற்ற எண், நாள், நேரம், பணம் பெற்ற கணக்கின் விவரம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்தல் அவசியம். வெட்கத்தால் மறைப்பது மோசடிக்காரருக்கே துணை செய்யும்.

தனிமனித இழப்பும் சமுதாய இழப்பும்

2025 ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்வைத்தபோது, இணையவழிப் பண ஆட்டங்களால் சுமார் 45 கோடி மக்கள் பாதிக்கப்படுகின்றனர் என்றும், இழப்பு 20,000 கோடி ரூபாய்க்கு மேற்படும் என்றும் அரசு மதிப்பிட்டது. இத்தொகையில் கல்விக் கட்டணமும், விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணமும், தங்கையின் திருமணத்துக்கெனச் சேர்த்த சேமிப்பும் கலந்துள்ளன. இழந்ததை மீட்க வேண்டும் என்ற எண்ணமே மேலும் இழக்கச் செய்கிறது. பின்னர் கடன் தொடர்கிறது. சூதாட்டத்துக்கு அடிமையாதலை உலகச் சுகாதார நிறுவனம் தன் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் ஒரு நோயாகச் சேர்த்துள்ளது. எனவே இதில் சிக்கியவருக்குத் தேவை பழிச்சொல் அன்று, சிகிச்சை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அணுகலாம்.

இத்துறையில் அலுவலர்கள் ஆற்றத்தக்க பணி பெரிது. வங்கிக் கிளைகள், சிறு கணக்குகளில் திடீரென நிகழும் எண்ணற்ற பரிமாற்றங்களைக் கவனிக்கலாம். ஊரக வளர்ச்சி அலுவலர்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பாளர்களும் தம் கூட்டங்களில் போனஸ் கணக்கை எளிய முறையில் எடுத்துரைக்கலாம். நிகழ்தகவுப் பாடம் நடத்தும் ஆசிரியர், 37 எண்கள் கொண்ட சக்கரத்தையே கரும்பலகையில் வரைந்து காட்டலாம். அறிவுரையைவிட, மாணவன் தானே போட்டுப் பார்த்த கணக்கு அவன் மனத்தில் நெடுங்காலம் நிற்கும்.

முடிவுரை

பணம் செலுத்துமுன் ஆராய வேண்டும் என்பது எக்காலத்துக்கும் பொருந்தும் நல்லறிவு. அவ்வாய்வை இணையவழிக் காசினோவின் மீது செலுத்தினால் நான்கு கேள்விகளுக்கும் ஒரே திசையில் விடை கிடைக்கிறது. சட்டம் தடை செய்துள்ளது. போனஸ் தன் மதிப்புக்கு மேல் விலை கேட்கிறது. நடத்துபவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை; பரிந்துரைப்பவரோ இழப்பில் பங்கு பெறுகிறார். வென்றாலும் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. ஆகவே முறையாக நடத்தப்படும் ஆய்வு, எந்தக் காசினோ நல்லது என்ற விடையோடு முடிவதில்லை. பணத்தைச் செலுத்தாதிருத்தல் என்ற முடிவிலேயே நிறைவு பெறுகிறது. அவ்வாறு காக்கப்படும் ஆயிரம் ரூபாய், அஞ்சலகக் கணக்கில் சிறிய வட்டியையே ஈட்டினும், அதற்கு நிபந்தனையின் நுண்ணெழுத்து இல்லை. தேவைப்படும் நாளில் அது முழுமையாகத் திரும்பி வரும்.